அத்தியாயம் 5: தோட்டத்துக்குக் கேமரா கொண்டுபோவது

கேமராக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். எடுக்கப்போகும் படம் கடைசியில் எங்கே போய்ச் சேரும்? இடுபணியின் ஏ4 தாளிலா, கண்காட்சிப் பலகையிலா, வகுப்பறைத் திரையிலா? பேராக்கில் பள்ளிப் பிள்ளைகள் செய்யும் வட்டார வரலாற்றுத் திட்டப்பணிகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் முடிகின்றன. மூன்றுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால், விளம்பரத்தில் பெரிதாக அச்சடித்திருக்கும் மெகாபிக்சல் எண் நம்மை மிரட்டாது.

படக்கடையில் கழுவித் தரும் 4ஆர் அளவுப் படம் தெளிவாக இருக்க 1800க்கு 1200 புள்ளிகள் போதும். அதாவது 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். வகுப்பறையில் புரொஜெக்டர் காட்டும் படத்துக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். ஏ4 தாள் முழுவதையும் நிரப்பும் படத்துக்கு 9 மெகாபிக்சல் வேண்டும். கண்காட்சிப் பலகைக்கு ஏ3 அளவில் அச்சிட்டாலும், அதை இரண்டடி தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள் என்பதால் 8 மெகாபிக்சல் படமே நன்றாக இருக்கும். ஆகவே 12 மெகாபிக்சல் உள்ள எந்தக் கேமராவும் பள்ளி வேலைக்குத் தாராளம். 1975இல் கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் செய்து காட்டிய முதல் டிஜிட்டல் கேமராவில் இருந்தவை 10,000 புள்ளிகள் மட்டுமே. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிக்க அதற்கு 23 விநாடி பிடித்தது. அங்கிருந்து நாம் வெகுதூரம் வந்துவிட்டோம். பெற்றோர் கடன்பட்டுக் கேமரா வாங்கித் தரவேண்டிய தேவை எந்தப் பிள்ளைக்கும் இல்லை.

கேமராவைத் தேர்ந்தெடுப்பது அரைநாள் வேலை. அதற்குப் பிறகு வருவதுதான் பெரிய வேலை. சுங்கை சிப்புட்டிலிருந்து தாப்பா, பீடோர் வரை ஒரு காலத்தில் பால்மரமாக நின்ற நிலம் இப்போது பெரும்பாலும் செம்பனையாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறியிருக்கிறது. லயங்கள் இடிக்கப்பட்டன. ஆயாக்கொட்டகை, பால் ஸ்டோர், பிரட்டுக் களம் எதுவும் பல இடங்களில் இல்லை. தோட்டத்திலிருந்து நகரத்துக்கு இடம் மாறிய தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில் மட்டும் 'லாடாங்' என்ற சொல்லும் பழைய தோட்டத்தின் பெயரும் நிற்கின்றன. கேமரா வைத்திருந்த தொழிலாளர் குடும்பம் தோட்டத்தில் அரிது. துரை பங்களாவில் எடுத்த படங்கள் துரையோடு கப்பலேறிப் போயின. எனவே படிவம் 2இல் படிக்கும் ஒரு மாணவி இன்று எடுக்கும் படம், அந்தத் தோட்டத்துக்கு இருக்கும் ஒரே படமாக ஆகிவிடலாம். அதில் யார் இருக்கிறார், எந்த இடம், எந்த நாள் என்று எழுதாமல் விட்டால் ஐம்பது மெகாபிக்சல் இருந்தும் பயனில்லை. படத்தோடு விவரம் சேரவேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே இந்த அத்தியாயத்தைப் படியுங்கள்.

கைப்பேசியா, தனிக் கேமராவா

வீட்டில் அம்மாவிடமோ அண்ணனிடமோ கைப்பேசி இருக்கிறது. அதிலுள்ள கேமரா, பத்தாண்டுக்கு முந்திய சிறிய கேமராவைவிட மங்கிய வெளிச்சத்தில் நன்றாகவே படம் எடுக்கும். ஒளியை வாங்கும் சென்சர் இன்றைய நடுத்தர விலைக் கைப்பேசிகளில் பெரிதாகிவிட்டது. இருட்டில் எடுத்த படத்தைச் சீர்படுத்தும் மென்பொருளும் கூடவே இருக்கிறது. வீட்டிலிருந்து செய்யும் வேலைக்குக் கைப்பேசியே போதும் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் மாணவர்கள் கைப்பேசியைப் பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாது என்பது நம் பள்ளிகளில் நெடுநாளைய விதி. ஆசிரியரின் கைப்பேசியில் முப்பது பிள்ளைகளும் படம் எடுக்க முடியாது. எடுத்தால் ஆசிரியரின் சொந்தப் படங்களோடு எல்லாம் கலந்துபோகும். இந்த இடத்தில்தான் பள்ளிக்குச் சொந்தமான ஒரு சிறிய கேமரா கைகொடுக்கிறது. அதில் அழைப்பு வராது, விளையாட்டு கிடையாது. மணிக்கட்டில் வார் மாட்டிக்கொண்டு குழுவுக்குள் கைமாற்றிக்கொள்ளலாம். மாலையில் கார்டை மட்டும் கழற்றி ஆசிரியரிடம் கொடுத்துவிடலாம். லென்ஸே நீண்டு சுருங்கும் ஜூம் அதில் இருக்கும். கைப்பேசித் திரையை விரலால் விரித்துப் பெரிதாக்குவது பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். எட்ட இருக்கும் கோபுரச் சிற்பத்தின் முகம் அதில் குழம்பிவிடும்.

லென்ஸ் மாற்றும் பெரிய கேமராவின் சென்சர், சிறிய கேமராவின் சென்சரைவிடப் பரப்பில் ஏறத்தாழ 13 மடங்கு. படத்தின் தரத்தில் அந்த வித்தியாசம் தெரியும், மறுக்கவில்லை. என்றாலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கழுத்துக்கு அது பாரம். செம்மண் தூசியில் லென்ஸைக் கழற்றினால் சென்சரில் அழுக்கு ஏறும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கறுத்த பெரிய கேமராவைக் கண்டதும் பாட்டி சேலையைச் சரிசெய்துகொண்டு விறைத்து நிற்பார், பேச்சு நின்றுபோகும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் ஒதுக்குமானால், பெரிய கேமரா ஒன்றுக்குப் பதில் சிறியவை இரண்டு மூன்றாக வாங்கும்படி கேளுங்கள்.

பழையது வாங்கும்போது

புதிய சிறு கேமராக்கள் இப்போது கடைகளில் குறைந்துவிட்டன. இளைஞர்களிடையே பழைய டிஜிட்டல் கேமரா மோகம் வந்ததிலிருந்து கேனன் இக்ஸஸ், சோனி சைபர்ஷாட் வகைகளுக்கு விலையும் கூடிவிட்டது. யாரோ ஒருவர் புகழ்ந்தார் என்பதற்காக 2005ஆம் ஆண்டுக் கேமராவுக்கு நூற்றுக்கணக்கில் வெள்ளி கொடுக்கவேண்டாம். முதலில் உறவினர் வீட்டு அலமாரிகளைக் கேளுங்கள். மெகாபிக்சல் பந்தயம் நடந்த காலத்தில் வாங்கி, கைப்பேசி வந்ததும் மறந்துபோன கேமரா பல வீடுகளில் கிடக்கிறது.

கிடைத்ததும் பார்க்கவேண்டியவை சில. மின்கலம் வைக்கும் இடத்தைத் திறந்து பச்சை நிறக் களிம்போ துருவோ இருக்கிறதா என்று பாருங்கள். மின்கலம் உப்பியிருந்தால் அதைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது. கடையில் எங்கும் கிடைக்கும் ஏஏ மின்கலத்தில் ஓடும் கேமரா பள்ளிக்கு மிக வசதி. திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் ஏஏ மின்கலம் நான்கு இருந்தால் வெளியே போகும் நாள் முழுவதும் தாங்கும். கைவிளக்கை லென்ஸின் பக்கவாட்டிலிருந்து அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி வெள்ளை இழைகள் தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது. அதை வாங்கவேண்டாம்.

கார்டு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். மிகப் பழைய கேமராக்கள் 2 ஜி.பி.க்கு மேற்பட்ட எஸ்.டி. கார்டை ஏற்காது. அதற்கு அடுத்து வந்தவை 32 ஜி.பி. வரை ஏற்கும், கடையில் இப்போது மலிவாகத் தரும் 64 ஜி.பி. கார்டைச் செருகினால் கேமரா தெரியாது என்று சொல்லிவிடும். ஒலிம்பஸ், ஃபியூஜி பழைய கேமராக்கள் சிலவற்றுக்கான எக்ஸ்.டி. கார்டு இப்போது உற்பத்தியிலேயே இல்லை. அத்தகைய கேமராவை இலவசமாகத் தந்தாலும் கார்டும் கூட வருகிறதா என்று கேளுங்கள். 32 ஜி.பி. கார்டு ஒன்றில் 5 எம்.பி. அளவுப் படங்கள் ஆறாயிரம் கொள்ளும். அதற்கு மேல் பள்ளிக்கு வேண்டாம்.

நம் ஊரின் ஈரம்

கேமராவுக்கு நம் மாநிலத்தில் முதல் எதிரி ஈரம். தைப்பிங் பக்கத்துப் பள்ளிகளுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கேமராவைத் தோல் பையிலேயே போட்டு அலமாரியில் பூட்டி வைப்பதுதான் அதைக் கெடுப்பதற்கு மிகச் சுலபமான வழி. தோலும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் சிலிக்கா ஜெல் பைகள், முடிந்தால் ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர். முள் 40க்கும் 50 விழுக்காட்டுக்கும் இடையில் நின்றால் நல்லது. விடுமுறைக்கு முன் மின்கலத்தைக் கழற்றிவிடுங்கள். குளிரூட்டிய பேருந்திலிருந்து இறங்கியதும் லென்ஸில் பனி படியும். துடைத்தால் கீறல்தான் மிஞ்சும். பையை மூடியபடியே பதினைந்து நிமிடம் வெளிக்காற்றில் வைத்துவிட்டுப் பிறகு திறந்தால் போதும்.

பால்மரக் காட்டுக்குள்

தோட்டங்கள் போனாலும் சிறுதோட்டக்காரர்கள் வைத்திருக்கும் பால்மரங்கள் பேராக்கில் இன்னும் உண்டு. திட்டப்பணிக்கு அங்கே போவதானால் முதலில் உரிமையாளரிடமும், செம்பனைத் தோட்டமாக இருந்தால் அதன் அலுவலகத்திலும், ஆசிரியர் எழுத்தில் அனுமதி கேட்கவேண்டும்.

பால் வெட்டு விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். அந்த நேரத்தில்தான் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகமாக இருக்கும், பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற வடிவது குறையும். படம் எடுப்பவருக்கு இது சங்கடமான நேரம், காட்டுக்குள் இருட்டு. ஆனாலும் ஃபிளாஷ் போடாதீர்கள். தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு கூரிய உளியோடு பட்டையை மில்லிமீட்டர் கணக்கில் சீவுகிறவரின் கண்ணில் திடீரென வெளிச்சம் அடித்தால் கை தவறும். மரத்தில் காயம் படும், அவர் விரலிலும் படலாம். இருட்டில் அவர் வேலை செய்யட்டும், அவர் பேசுவதை நீங்கள் பதிவு செய்யுங்கள். காலை ஏழரைக்குப் பிறகு வெளிச்சம் கொஞ்சம் கசியும்போது படம் எடுக்கத் தொடங்கலாம்.

உளி நகர்வது உறைந்து தெரியவேண்டுமானால் ஷட்டர் வேகம் 1/250 விநாடி வேண்டும். அசையாத மங்கு, மரப்பட்டை ஆகியவற்றுக்கு 1/60 போதும்; முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டால் கை ஆடாது. இந்த எண்களை நாமே வைக்க முடியாத சாதாரணக் கேமராவில், விளையாட்டு வீரர் படம் போட்ட முறையைத் தேர்ந்தால் அது தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். நிழலில் ஐ.எஸ்.ஓ. 800, 1600 வரை போகலாம். படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளி தெரியும். பரவாயில்லை, கலங்கிய படத்தைவிட அது மேல்.

இலைகளின் ஊடே வரும் வெளிச்சம் பச்சையாக இருப்பதால் மனிதர் முகமும் பச்சை தட்டும். வெள்ளைச் சமநிலையில் மேகப் படம் போட்ட முறைக்கு மாற்றிப் பாருங்கள், முகத்தில் உயிர் வரும். மங்குக்குள் இருக்கும் பால் தூய வெள்ளை. சுற்றிலும் இருட்டாக இருப்பதால் கேமரா ஒளியைக் கூட்டிவிட, பால் வெறும் வெள்ளைத் திட்டாக வெளிறிப்போகும். ஒளி ஈடு என்று இருக்கும் அமைப்பை மைனஸ் பக்கம் இரண்டு படி தள்ளுங்கள். கைப்பேசியில் மங்கைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் அதே பலன். லயத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மாநிற முகத்துக்கு இதற்கு நேர்மாறாகச் செய்யவேண்டும். பின்னால் வெயில் எரியும், முகம் நிழலாகிவிடும். முகத்தைத் தொட்டு ஒளியைக் கூட்டுங்கள், பின்னணி வெளுத்தால் வெளுக்கட்டும். இன்னும் எளிய வழி, பாட்டியை வெளிச்சத்தைப் பார்த்து உட்காரச் சொல்லிவிட்டு நீங்கள் வெயிலுக்கு முதுகு காட்டி நிற்பது.

பால்மரம் ஆண்டுக்கு ஒருமுறை, பொதுவாகப் பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலை உதிர்க்கும். அந்த வாரங்களில் காட்டுக்குள் வெளிச்சம் கொட்டும். நிரை நிரையாக நிற்கும் மரங்களை முழுதாக எடுக்க அதைவிட நல்ல காலம் கிடையாது. பால் மட்டும் குறைவாக இருக்கும்.

வெட்டுப்பட்டையைத் தனியாக ஒரு படம் எடுங்கள். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும் சரிவு, பால் வடியும் தகரத் துண்டு, கம்பியில் மாட்டிய மங்கு, வெட்டி முடிந்து மீண்டும் வளர்ந்த பழைய பட்டையின் தழும்பு. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்போது எடுத்தால் கோடு கோடாக உளியின் தடம் தெரியும். கோலகங்சாருக்குப் போகிறவர்கள் மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கும் முதிய பால்மரத்தையும் எடுக்கலாம். 1877இல் அந்த ஊரில் நட்ட ஒன்பது கன்றுகளில் எஞ்சியது அது என்று கருதப்படுகிறது. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த காரணம் அதுபோன்ற கன்றுகளில்தான் தொடங்கியது.

கருவிகளைப் படம் எடுப்பது

பல வீடுகளில் உளி இன்னும் கூரையில் செருகியபடி இருக்கிறது. காண்டாக் கம்பும் பால் வாளியும் கோழிக்கூண்டுப் பக்கம் கிடக்கலாம். இவற்றை வெறுந்தரையில் போட்டு எடுக்காதீர்கள். வெளிர்நிற வேட்டியையோ மஞ்சோங் தாளையோ விரித்து, ஜன்னலோரம் வைத்து, பக்கத்தில் ஓர் அடிக்கோலையும் வையுங்கள். பார்ப்பவருக்கு அளவு புரியும். பிறகு அதைப் பயன்படுத்தியவரின் கையில் கொடுத்து, கையை மட்டும் ஒரு படம். பிடிக்கும் விதத்தில்தான் தொழில் இருக்கிறது.

இங்கே ஒன்றில் கண்டிப்பாக இருக்கவேண்டும். வேலையை விட்டு இருபது ஆண்டு ஆன தாத்தா, நாம் கேட்டதற்காக மத்தியான வெயிலில் ஒரு மரத்தை வெட்டிக் காட்டுகிறார் என்றால், படத்தின் கீழ் 'பால் வெட்டிக் காட்டுகிறார்' என்றே எழுதவேண்டும். 'பால் வெட்டும் தொழிலாளி' என்று எழுதினால் அது பொய். நாளைக்கு இந்தப் படத்தை நம்பி எழுதப்போகிறவருக்கு நாம் செய்யும் துரோகம். ஒருவர் தன்னை மறந்திருக்கும்போது எடுத்த படம்தான் நல்ல படம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. அவரைக் கேட்டு, அவர் விரும்பி நின்ற படத்துக்கு ஒரு கௌரவம் இருக்கிறது.

கேட்பது எப்படி என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும். வாசலில் நின்று கேமராவைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு பேசட்டும். "பாட்டி, பள்ளிக்கூடத்துல தோட்டத்தைப் பத்தி எழுதிட்டு வரச் சொன்னாங்க. நீங்க பால் வெட்டுன கதைய சொல்றீங்களா? பேசி முடிச்சப்புறம் ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் மறுக்கும் பாட்டியை நான் பார்த்ததில்லை. முடியாது என்றால் அதோடு விட்டுவிடவேண்டும். கோயிலில் பூசாரியிடம் கேட்காமல் கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பக் கூடாது. முனியாண்டி கோயிலின் வேல்களையும் மரத்தடியையும் வெளியிலிருந்து எடுக்கவும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை.

ஆல்பத்திலுள்ள படத்தைப் படம் எடுப்பது

எடுக்கும் புதிய படங்களைவிட இது மதிப்புமிக்க வேலை என்பது என் உறுதியான கருத்து. திருமணப் படம், தோட்டத்துப் பந்து விளையாட்டுக் குழு, பள்ளி வகுப்புப் படம், கோயில் திருவிழா என்று தகரப்பெட்டியில் ஒன்றிரண்டு படங்கள் இருக்கும். அவை நம் ஈரத்தில் மங்கிக்கொண்டே வருகின்றன. கடன் வாங்கிப் பள்ளிக்குக் கொண்டுவரவேண்டாம். தொலைந்தால் ஈடு கிடையாது. அந்த வீட்டிலேயே, அவர் கண் முன்னாலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேசையை ஜன்னலோரம் போடுங்கள். நேர் வெயில் வேண்டாம், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும். மின்விளக்கையும் ஃபிளாஷையும் அணைத்துவிடுங்கள். கறுப்புத் துணிமேல் படத்தை வைத்து, கேமராவை அதற்கு நேர்மேலே, தாளுக்கு இணையாகப் பிடிக்கவேண்டும். சாய்ந்தால் சதுரம் கோணலாகிவிடும். மிக அருகே போகாமல் ஓரடி விலகி நின்று சற்று ஜூம் செய்தால் ஓரங்கள் வளையாது. பளபளப்பான படத்தில் உங்கள் முகமோ கூரையோ பிரதிபலித்தால், கறுப்பு அட்டையில் ஓட்டை போட்டு அதன் வழியாக லென்ஸை நீட்டுங்கள். ஆல்பத்துப் பசையில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு சேர்த்து எடுங்கள். பின்பக்கத்தையும் ஒரு படம். படக்கடையின் முத்திரையும் பென்சிலில் எழுதிய தேதியும் அங்கேதான் இருக்கும்.

படங்களோடு தாள்களும் வெளிவரும். சம்பளச் சீட்டு, சங்க உறுப்பினர் அட்டை, தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் சுங்கை சிப்புட்காரரான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம். அந்தப் பத்திரம் ஒன்று கிடைத்தால் ஒரு முழுத் திட்டப்பணிக்கு அதுவே கரு. தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களையே வாங்கிய கதை அது.

அடையாள அட்டை வேறு விஷயம். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்தில் எல்ஃபில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டதும் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. படம் ஒட்டிய அடையாள அட்டைகள் வந்தது அந்த ஆண்டில்தான். சில குடும்பங்களில் கொள்ளுப்பாட்டியின் இளவயதுப் படமாக எஞ்சியிருப்பது அந்த அட்டையிலுள்ள முகம் மட்டுமே. அதை எடுக்கலாம். ஆனால் எண்ணையும் கைரேகையையும் தாளால் மறைத்த பிறகே எடுக்கவேண்டும். சிவப்பு அட்டை வைத்திருக்கும் முதியவர்கள் அதைக் காட்டக் கூச்சப்பட்டால் வற்புறுத்தவே கூடாது.

ஈப்போவும் சுற்றுப்புறமும்

ஊருக்குள் எடுக்கும் படங்களுக்கு வெளிச்சத்தின் திசை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 1917இல் கட்டிமுடித்த ஈப்போ ரயில் நிலையத்தின் முகப்பு கிழக்கு நோக்கியது. காலையில் போனால் வெள்ளைச் சுவரும் குவிமாடமும் பளிச்சென்று இருக்கும். மாலையில் போனால் வானம் வெளுத்துக் கட்டடம் இருண்டுவிடும். எதிரிலுள்ள நகராண்மைக் கட்டடம் வரை பின்னால் போய் நின்று, கேமராவை அண்ணாத்தாமல் நேராகப் பிடித்தால் தூண்கள் சாயாமல் வரும்.

பத்துகாஜா அருகிலுள்ள கெல்லி கோட்டைக்குப் போகிற பிள்ளைகள் மாடத்தில் நின்று தங்களையே படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ரப்பர் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் தொடங்கிய அந்த மாளிகை, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததால் முடியாமலே நின்றது. அதைக் கட்ட மதராஸிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் பலர் ஸ்பானிஷ் காய்ச்சலில் மாண்டார்கள். அப்போது அவர்கள் கேட்டுக்கொண்டபடி எழுந்த மாரியம்மன் கோயில் சற்றுத் தள்ளி இருக்கிறது. கோயிலின் சிலைகளுக்கு நடுவே வெள்ளை உடையும் தொப்பியுமாக ஓர் உருவம் நிற்கும். ஸ்மித் என்கிறார்கள். ஜூம் உள்ள கேமரா நமக்கு வேண்டும் என்று முன்பு சொன்னதற்கு இதுவே காரணம். கோட்டையையும் அந்தச் சிலையையும் ஒரே தாளில் அருகருகே ஒட்டினால் இடுபணிக்கு வேறு அலங்காரம் வேண்டாம்.

அதே வட்டாரத்தில் 1938இல் கட்டிய தஞ்சோங் துவாலாங் ஈயக் கப்பல் நிற்கிறது. ஈயச் சுரங்கம் பற்றி எழுதுபவர்களுக்கு அது. ஈப்போவிலேயே இருப்பவர்களுக்குப் புந்தோங் கச்சாங் பூத்தே கம்பம் இருக்கிறது. எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் வளர்த்த தொழில் அது. எண்ணெய்ச் சட்டிப் பக்கம் போகும்போது லென்ஸை மறைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் புகை படிந்தால் மெல்லிய துணியால் துடைத்தும் போகாது. முறுக்குப் பிழியும் கை, தட்டுகளின் வரிசை, கடையின் பெயர்ப்பலகை, அதை நடத்தும் குடும்பம் என்று தூரத்திலிருந்து நெருங்கி நெருங்கி நான்கைந்து படம் எடுத்தாலே கதை வந்துவிடும்.

காணொளி எடுப்பவர்களுக்கு இரண்டே சொல். 1080 அளவு போதும், 4கே கார்டைத் தின்றுவிடும். மின்விசிறியை அணைத்துவிட்டுப் பேச்சைப் பதியுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

புறப்படும் முன்பே கேமராவின் தேதியும் நேரமும் சரியா என்று பார்த்திருக்கவேண்டும். மின்கலம் வெகுநாள் கழற்றிக் கிடந்த பழைய கேமரா, ஏதோ ஓர் ஆண்டின் ஜனவரி முதல் தேதிக்குத் திரும்பிவிடும். படத்துக்குள் பதியும் அந்தத் தேதியை நம்பி வரிசைப்படுத்தினால் எல்லாம் குழம்பும். படத்தின் மூலையிலேயே ஆரஞ்சு நிறத்தில் தேதி அச்சிடும் வசதியை அணைத்துவிடுங்கள். அது படத்தைக் கெடுக்கிறது, உள்ளே பதியும் தேதியே போதும்.

ஒவ்வொரு வீட்டிலும் முதல் படமாக ஒரு தாளை எடுங்கள். தாளில் தேதி, தோட்டத்தின் பெயர், பேசப்போகிறவரின் பெயர், படம் எடுக்கும் பிள்ளையின் பெயர். அடுத்த தாள் வரும் வரை உள்ள படங்கள் எல்லாம் அந்த வீட்டுக்கு உரியவை என்று பிறகு பிரிக்கச் சுலபம். குழுப் படத்தில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். தெரியாத முகத்துக்கு நேராக ஒரு கோடு போட்டு இடம் விடுங்கள்; அடுத்த வீட்டுத் தாத்தாவுக்குத் தெரியலாம். கணினியில் கோப்புக்கு எண்ணால் மட்டும் பெயர் வையுங்கள், முதலில் ஆண்டு, பிறகு மாதம், நாள், வரிசை எண். மற்ற விவரம் எல்லாம் குறிப்பேட்டில் அதே எண்ணுக்கு நேரே இருக்கட்டும்.

குழுவுக்குள் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். சுருங்கிய படத்தை ஏ4 தாளில் அச்சிடும்போதுதான் பலருக்கும் அது தெரியவருகிறது. கோப்பாக இணைத்து அனுப்புங்கள், அல்லது யு.எஸ்.பி. கோலில் கொடுங்கள். ஐஃபோனில் எடுப்பவர்கள் அமைப்புக்குப் போய் ஜேபெக் வகையில் சேமிக்கும்படி மாற்றிவிடவேண்டும். இல்லையென்றால் பள்ளிக் கணினி சிலவற்றில் படம் திறக்காது. நிறத்தைக் கூட்டும் ஃபில்டர், முகத்தை மெருகேற்றும் செயலி எதுவும் வேண்டாம். கோணல் திருத்துவதும், ஓரம் வெட்டுவதும், இருட்டைச் சற்றுத் தூக்குவதும் போதும். அதையும் நகலில் செய்யுங்கள், மூலப் படத்தில் கை வைக்காதீர்கள்.

இடுபணியை ஒப்படைத்த வாரத்திலேயே, பேசியவர் ஒவ்வொருவருக்கும் அவருடைய படத்தை 4ஆர் அளவில் கழுவிக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். ஒரு படத்துக்கு ஆகும் செலவு ஒரு வெள்ளிக்குள் அடங்கும், பள்ளியே ஏற்கட்டும். கொடுக்கப் போகும்போது குறிப்பேட்டையும் எடுத்துப்போங்கள். அச்சிட்ட படத்தைக் கையில் பார்த்ததும் விடுபட்ட பெயர்கள் ஞாபகத்துக்கு வரும். அவற்றைச் சேர்த்தெழுதி, எல்லாப் படங்களையும் பள்ளிக் கணினியில் ஒரு நகல், பள்ளிக்கு வெளியே ஆசிரியர் ஒருவரிடம் வன்தட்டில் ஒரு நகல் என்று இரண்டு இடத்தில் வைத்து, இரண்டிலும் படங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். அதற்குப் பிறகு கார்டைக் கேமராவுக்குள் வைத்து ஃபார்மேட் செய்து, அடுத்த குழுவிடம் கொடுக்கலாம்.